காருக்குத் தரை, மரத்துக்கு வேலி, நமக்கு என்ன?

பூங்காவா, பார்க்கிங்கா? நகராட்சி, மாநகராட்சி மன்றங்களில் இப்போது இது பெரிய கேள்வி. ஊருக்குள் மிச்சமிருக்கிற ஒரு துண்டு காலி நிலத்தை மரத்துக்கு விடுவதா, காருக்கு விடுவதா. ஒரு பக்கம் வியாபாரிகள் சங்கம். கார் நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிட்டது என்கிறது. இன்னொரு பக்கம் குடியிருப்போர் நலச் சங்கம். காலையில் நடக்க இடமில்லை, மூச்சுவிடக் காற்றில்லை என்கிறது. பத்திரிகைக்காரன் இரண்டு பேரிடமும் பேட்டி எடுக்கிறான், இரண்டு போட்டோ போடுகிறான், 'பொதுமக்கள் கருத்து' என்று தலைப்பு வைக்கிறான்.

இந்தப் பொதுமக்களில் நாம் எங்கே இருக்கிறோம்? காலையில் நடக்கிறவனும் கார் நிறுத்துகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள். ஆறு மணிக்கு அவனுக்குப் பூங்கா வேண்டும். பத்து மணிக்கு பார்க்கிங் வேண்டும். ஒரே வீட்டுப் பங்காளிகள் பாகம் பிரிக்கிறார்கள். நிலமோ அவர்கள் அப்பன் வீட்டு நிலம் கிடையாது. அதைக் கூட்டிப் பெருக்கியவள், அதில் குழி வெட்டியவன், மத்தியான வெயிலுக்கு அதில் ஒதுங்கிப் படுத்தவன், இவர்கள் யாரும் பேட்டியில் இல்லை. பஞ்சாயத்து முடிந்து தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் இவர்களைத்தான் முதலில் எழுப்பி விரட்டுகிறார்கள்.

நான் கவரைப்பேட்டைக்காரன். வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுகிறவன். 'சென்னைப் பூங்காவைப் பத்தி உனக்கென்னய்யா கவலை, உங்க பக்கம் எங்க பாத்தாலும் வெட்டவெளிதானே' என்று ஒரு நண்பர் கேட்டார். கவலை இருக்கிறது. எங்கள் ஊர் ரயில் போய் நிற்கிற இடமே ஒரு பூங்காவின் பிணத்து மேல்தான்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் நிற்கிறது. இறங்கி வெளியே வந்தால் வண்டிகள், வண்டிகள், வண்டிகள். இதெல்லாம் ஒரு காலத்தில் மக்கள் பூங்கா. பீப்பிள்ஸ் பார்க் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர். 1859-ல் கவர்னர் டிரவெல்யன் காலத்தில் தொடங்கியது. 116 ஏக்கர். குளங்கள், மிருகக்காட்சி சாலை, பேண்டு மேடை எல்லாம் இருந்த இடம். பராமரிப்பு மாநகராட்சி கையில்.

என்ன ஆயிற்று அந்த 116 ஏக்கர்? 1880-களில் ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம் வந்தது. 1898-ல் அஸ்திவாரம் போட்டு 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். 1913-ல் ரிப்பன் மாளிகை. அது யாருடைய மாளிகை? பூங்காவைக் காக்க வேண்டிய அதே மாநகராட்சியின் தலைமை அலுவலகம். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வோமே, இங்கே வேலி பயிருக்கு நடுவில் மாடி வீடே கட்டிக்கொண்டது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. கடைக்காரர்களுக்கு மாற்று இடம் வேண்டுமே, அல்லிக்குளத்தின் மேல் வணிக வளாகம் எழுந்தது. அல்லியும் இல்லை, குளமும் இல்லை, பெயர் இருக்கிறது. மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. கடைசியாக மெட்ரோ வந்தது, சென்ட்ரல் வாசலில் பூமிக்கு அடியில் கார் நிறுத்துமிடத்தோடு.

இன்றைக்கு மிச்சம் என்ன? மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு. மற்றபடி பெயர்கள். பூங்கா நகர். பார்க் ஸ்டேஷன். பெயரில் பார்க், தரையில் பார்க்கிங்.

ஒரு நாளில் நடந்த கொள்ளை இல்லை இது. ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணம், ஒரு கோப்பு, ஒரு தீர்மானம். மண்டபம் வேண்டாமா, மார்க்கெட் வேண்டாமா, அலுவலகம் வேண்டாமா, ரயில் வேண்டாமா? தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் வேண்டியதுதான். கூட்டிப் பார்த்தால் 116 ஏக்கர் காணோம். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிறவனுக்கு இந்த வித்தை புரியும். பெரிய தொகையைச் சின்னச் சின்ன வவுச்சராக எடுப்பது.

நிற்க. மரம் போயிற்றே, குளம் போயிற்றே என்று மட்டும் அழுதால் அது மேட்டுக்குடி ஒப்பாரி. அந்த வட்டாரத்தில் மனுசங்க என்ன ஆனாங்க என்று பார்க்க வேண்டும்.

2002-ல் ரிப்பன் மாளிகை அருகே நடைபாதையில் வாழ்ந்த குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கண்ணப்பர் திடலில் மாநகராட்சிக் கட்டடத்தில் அடைத்தார்கள். அந்தத் தற்காலிகம் இருபது வருஷத்தைத் தாண்டியது. அங்கே பிறந்த குழந்தை அங்கேயே பெரியவளாகித் தாயும் ஆகிவிடலாம், அவ்வளவு நீளமான தற்காலிகம். நிறுத்துமிடம் கட்ட வருகிற அவசரம் இவர்களுக்கு வீடு கட்டும்போது மட்டும் வரவில்லை.

2019 டிசம்பரில் சென்ட்ரலுக்குக் கூப்பிடு தூரத்தில், கூவம் கரையில், சத்தியவாணிமுத்து நகரை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு தலித் தலைவரின் பெயர் தாங்கிய குடியிருப்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். இந்தத் தடவை காரணம் கார் இல்லை. ஆற்றைச் சுத்தப்படுத்துகிறோம், கரையைப் பசுமையாக்குகிறோம் என்றார்கள். கவனிக்க வேண்டும் தோழர்களே. சிமெண்டு வந்தாலும் நாம் வெளியே, செடி வந்தாலும் நாம் வெளியே. ஆற்றில் சாக்கடையைக் குழாய் வைத்து விட்ட பெரிய கட்டடங்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன. கரையில் குடிசை போட்டவன்தான் அசுத்தமாம்.

2025 ஆகஸ்டு. ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பது கோரிக்கை. பெரும்பாலும் பெண்கள், நம் பெண்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். அனுமதி பெறாத இடம் என்று உயர்நீதிமன்றம் சொல்ல, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. ஊரையே பெருக்குகிறவளுக்கு அந்த ஊரில் உட்கார அனுமதி பெற்ற இடம் எது? 116 ஏக்கர் மக்கள் பூங்கா இருந்த இடத்தில் மக்கள் உட்கார ஒரு நடைபாதைதான் மிஞ்சியது. அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

நடைபாதையில் கார் நின்றால் அதற்குப் பெயர் பார்க்கிங். மனுசன் படுத்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அடுத்த மூச்சில், நடைபாதையைச் சொந்த உபயோகத்துக்கு ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் சொன்னது. இந்த 'யாருக்கும்' என்பதில் கார்க்காரன் வரமாட்டானா? தீர்ப்பைக் காட்டிக் குடிசையைப் பிரித்தவர்கள் அதே தீர்ப்பைக் காட்டிக் காரை எத்தனை இடத்தில் அகற்றினார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார் நிற்க நம் கட்டட விதிகள் சொல்கிற அளவு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதாவது சுமார் 134 சதுர அடி. திரும்பி வெளியே வர வழி தனி. வீடில்லாதவர்களுக்கான தங்குமிடத்தில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் சொல்கிறது? 50 சதுர அடி. ஒரு கார் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மனுசன். எங்கள் காலனியில் அந்த 134 சதுர அடியில் அடுப்பும் சாமி படமும் வைத்து ஐந்து பேர் குடித்தனம் நடத்துகிற வீடுகளை நான் காட்ட முடியும். சென்னையில் சாலையோரம் நிறுத்தும் காருக்கு மாநகராட்சி மணிக்கு 20 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. அதற்கே எத்தனை முணுமுணுப்பு! அண்ணா சாலையில் 134 சதுர அடியை மணிக்கு 20 ரூபாய்க்கு எனக்குக் கொடுங்கள், நானும் என் குடும்பத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் எத்தனை வீட்டில் கார் இருக்கிறது தெரியுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு எட்டு வீட்டில்கூட இல்லை. அந்த எட்டு வீட்டுக்காக மற்ற தொண்ணூற்றிரண்டு வீட்டின் தரையைக் கேட்பதற்குத்தான் 'பொதுத் தேவை' என்று பெயர்.

'பொது' என்ற சொல்லைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்ப்பொது என்றால் கிராமத்தில் ஊருக்குப் பொது. காலனிக்கு இல்லை. பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுச் சுடுகாடு, எல்லாப் பொதுவும் நம் வாசலுக்கு முன்னால் நின்றுவிடும். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் பொதுக்கட்டடத்திலும் எந்தச் சாதியாரும் போகலாம் என்று அரசாணை வந்தது. தெருவில் நடக்க ஓர் அரசாணை!

அதே 1924-ல் மராட்டியத்தில் மகாத் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் நோட்டில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது, நம்மவர்கள் கரைக்கு வெளியே இருந்தார்கள். 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். நகராட்சி என்ன செய்தது? ஆகஸ்டு மாதம் தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு நடந்து உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆயிற்று.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. உள்ளாட்சி மன்றத் தீர்மானம் கல்லில் வெட்டியது கிடையாது. நாம் போய் நின்றால்தான் அது பொது. நிற்காவிட்டால் மறுகூட்டத்தில் அது வேறு யாருக்கோ சொந்தம்.

இனி நம் பக்கத்திலிருந்தே வருகிற கேள்விகள். ஒரு தம்பி சொன்னான்: 'அண்ணே, இப்பதான் நம்ம பசங்க நாலு பேரு வண்டி வாங்குறாங்க. இப்பப் போயி பார்க்கிங் கூடாதுங்கிறீங்களே.' நியாயமான கேள்வி. நான் வங்கியில் உட்கார்ந்திருப்பவன். கடன் மனுக்களைத் தினமும் பார்க்கிறேன். டாடா ஏஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் நம் பையன்கள் எத்தனை அலைச்சலில் கடன் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டி சோறு போடுகிற வண்டி. அதற்கு ஸ்டாண்டு வேண்டும், ஓட்டுகிறவன் படுக்க நிழல் வேண்டும், போக ஒரு கக்கூஸ் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம். துணிக்கடை வாசலில் மூன்று மணி நேரம் சும்மா நிற்கிற காரையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சொந்தக் கார் மனுவில் சம்பளச் சீட்டு கேட்கிறோம், ஜாமீன் கேட்கிறோம். இந்தக் காரை எங்கே நிறுத்துவாய் என்று நான் பார்த்த எந்த மனுவிலும் ஒரு வரி இல்லை. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டார்கள். நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று வாங்கினால்தான் கார் உன் பெயருக்குப் பதிவாகும். நம் ஊரில் லாபம் கம்பெனிக்கு, வட்டி வங்கிக்கு, சொகுசு வாங்குகிறவனுக்கு, தரை மட்டும் ஊராருடையது.

இன்னொரு தோழர் கேட்டார்: 'மரம் சோறு போடுமா? பூங்கா கேட்கிறது மேல்தட்டுக்காரன் அரசியல்.' மரம் சோறு போடாது. சோற்றைத் தின்ன நிழல் போடும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறவனுக்குப் பூங்கா பொழுதுபோக்கு. தார் ஊற்றுகிறவனுக்கும் குப்பை வண்டி தள்ளுகிறவளுக்கும் சித்திரை வெயிலில் ஒரு புங்க மரம் உயிர்ச்சமாச்சாரம். நகரத்தில் வீட்டுக்குள் இடமில்லாதவனுக்குத்தான் வெளியே இடம் தேவை. ஆகவே பூங்கா முதலில் நம் கோரிக்கை. அதை நலச்சங்கத்துக்காரன் கையில் விட்டதால்தான் அவன் வேலி போட்டு, பூட்டுப் போட்டு, காலை ஆறிலிருந்து ஒன்பது என்று நேரம் போட்டு, 'இங்கே படுக்கக் கூடாது' என்று பலகையும் வைத்துவிட்டான். மத்தியானம், எவனுக்கு நிழல் வேண்டுமோ அந்த நேரத்தில், கேட் பூட்டியிருக்கிறது.

சட்டம் நம் பக்கம் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. லக்னோவில் அமீனாபாத்தில் ஜண்டேவாலா பூங்கா என்று ஒன்று. 1993-ல் மாநகராட்சி டெண்டர்கூட விடாமல் ஒரு கட்டுமான கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பூங்காவுக்கு அடியில் கடைவளாகம், கார் நிறுத்துமிடம், நெரிசல் குறையும் என்று ஆசை காட்டினார்கள். தோண்டிக் கட்டியும் விட்டார்கள். 1999 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கட்டியதை இடி, பூங்காவைப் பழையபடி ஆக்கு என்றது. பூங்கா மக்களுக்காக மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்ட சொத்து, விற்றுத் தின்ன அதற்கு உரிமையில்லை என்பது சாரம்.

1992-ன் 74-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளுக்கு என்ன வேலை என்று 18 இனங்கள். 12-ஆவது பூங்கா. 17-ஆவதில் வாகன நிறுத்துமிடம். மன்றத்தில் சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 9-ஆவது நலிந்த பிரிவினர் நலன், 10-ஆவது குடிசைப்பகுதி மேம்பாடு, 11-ஆவது வறுமை ஒழிப்பு. மூன்றும் வரிசையில் முன்னால் இருக்கின்றன, பேச்சில் மட்டும் வருவதில்லை. 1945-ல் என். சிவராஜ் சென்னை மேயர் ஆனார். 2022-ல் பிரியா முதல் தலித் பெண் மேயர் ஆனார். நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் தரையைப் பற்றிய முடிவு நாற்காலிக்குக் கீழே, கோப்பில், ஒப்பந்தக்காரன் பேனாவில் நடக்கிறது.

இப்போது கவரைப்பேட்டைக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமும் உள்ளே வந்தாயிற்று. சிப்காட் லாரிகளுக்கு நெடுஞ்சாலையோரம் ஏற்கனவே நிறுத்துமிடம். வயலில் கல் நட்டு மனை போடுகிறார்கள். விளம்பரத்தில் பூங்கா இருக்கிறது, பிள்ளை ஊஞ்சல் ஆடுகிறது. 2019 கட்டட விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் நூற்றுக்குப் பத்து திறந்தவெளி விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அந்தப் பத்தில் ஒன்று எங்கே, யார் பெயரில், இன்றைக்கு அதன் மேல் என்ன நிற்கிறது என்று நம்மில் யார் கேட்டோம்? நாளைக்கு அது கார் ஷெட்டாகும், அடுத்த நாள் கோயிலாகும், அப்புறம் ஊர்ப்பொது ஆகிவிடும். ஊர்ப்பொது ஆனபின் நாம் உள்ளே போக இன்னொரு 1924 வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நில். தானமாக வந்த திறந்தவெளி ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் பலகையில் எழுதி வைக்கச் சொல். பொது நிலத்தில் சொந்தக் காருக்கு ஒரு அடியும் இல்லை, வேண்டுமானால் கடைக்காரனும் கார்க்காரனும் சந்தை வாடகை கொடுத்துத் தங்கள் செலவில் இடம் பார்க்கட்டும் என்று தீர்மானம் கேள். பூங்காவுக்குப் பூட்டு கூடாது, கட்டணம் கூடாது, படுக்கக் கூடாது என்ற பலகை கூடாது. அதற்குள் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். மரம் வைக்கிறேன் என்று ஒரு குடிசையைப் பிரித்தாலும் அந்த மரத்தை எதிர்ப்போம். அதன் பெயர் பசுமை இல்லை, தீண்டாமை.

சென்னையின் 116 ஏக்கரை வவுச்சர் வவுச்சராகத் தின்றவர்கள் அடுத்த பந்திக்கு நம் பக்கம் இலை போட்டாயிற்று. பூங்காவா பார்க்கிங்கா என்று அவர்கள் கேட்டால் இரண்டில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்தத் தரை யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் போதாது. அந்தத் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.